சோளத்துக்குள் விளையும் தட்டைப்பயறு: ஊடுபயிருக்கென்றே ரகம் உருவாக்கும் முறை

மானாவாரிக் கரிசலில் தட்டைப்பயறைச் சோளத்தோடு சேர்த்தே விதைப்பவர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் கைக்கு வரும் ரகம் தேர்வானது பெரும்பாலும் தனிப்பயிர்ப் பாத்தியில். முழு வெயிலில், 45 செ.மீ. வரிசையில், பக்கத்தில் போட்டியில்லாமல். அங்கே முதலிடம் பிடித்த ரகம் சோளத்துக்குள் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ போகலாம். அதைவிட முக்கியம், பக்கத்துச் சோளத்தை அது எவ்வளவு அமுக்குகிறது என்பது தனிப்பயிர்ப் பாத்தியில் தெரியவே தெரியாது. கொடி பின்னி, சோளத்தைச் சாய்த்து, நிறையக் காய்த்த பயறு உழவருக்கு லாபமா நட்டமா என்று சொல்ல அந்தப் பாத்தியில் சோளமே கிடையாது.

அதற்காக எல்லாத் தலைமுறைகளையும் சோளத்துக்குள்ளேயே வளர்க்க வேண்டும் என்பதில்லை. எதைத் தனியாகப் பார்ப்பது, எதைச் சோளத்துக்குள் பார்ப்பது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கீழே உள்ள முறை, ஒன்றிரண்டு ஏக்கரும் சில ஆண்டுப் பொறுமையும் உள்ள சிறிய ஆய்வுப் பண்ணைக்கோ விதைக் குழுவுக்கோ போதுமானது.

முதலில் சோளத்தைக் கட்டிப்போடுங்கள்

பயறை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது சோளம் மாறக் கூடாது. உங்கள் வட்டாரத்தில் அதிகம் விதைக்கும் ஒரு ரகத்தை (கே 12, கோ 32 போன்று) துணைப்பயிராக நிலைநிறுத்துங்கள். வசதி இருந்தால் உயரத்தில் மாறுபட்ட இன்னொன்றும் சேரட்டும். ஒரு நெட்டை, ஒரு நடுத்தரம் என்று இரண்டு துணைகளோடு பார்த்தால், பயறின் நடத்தை பொதுவானதா, அந்த ஒரு சோளத்தோடு மட்டும் ஒத்துப்போவதா என்பது விளங்கும். மூன்றாவது வேண்டாம், பாத்தி எண்ணிக்கை கை மீறிப் போகும்.

அடுத்தது வரிசை அமைப்பு. இரட்டை வரிசை முறை வசதியானது: இரண்டு சோள வரிசைகளுக்கு இடையே 30 செ.மீ., அடுத்த இணைக்கு முன் 60 செ.மீ. இடைவெளி, அந்த 60-இன் நடுவில் ஒரு பயறு வரிசை. பயறுக்கு இருபுறமும் 30 செ.மீ.யில் சோளம் நிற்கும். இரண்டு பயிருக்கும் செடிக்குச் செடி 15 செ.மீ. விதைப்பு ஒரே நாளில்.

உரமும் உழவர் போடும் அளவுதான். மானாவாரிச் சோளத்துக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து என்றால் அதையே போடுங்கள்; தழைச்சத்தைச் சோள வரிசையை ஒட்டி மட்டும் இடுங்கள். பாத்தி முழுக்க யூரியாவைத் தூவினால் பயறின் வேர்முடிச்சு அடங்கிவிடும், சொந்தமாகத் தழைச்சத்து பிடிக்கும் வம்சத்துக்கும் (சோதனையில் உள்ள ஒவ்வொரு விதை வழியும் ஒரு வம்சம்) பிடிக்காத வம்சத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

வரிசை அமைப்பை மாற்றினாலே பிரச்சினை தீருமா என்பதையும் முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது. வடக்கு நைஜீரியாவில் நிமிர்ந்து வளரும் குறுகிய காலத் தட்டைப்பயறு ரகங்கள், ஊர் வழக்கப்படி தானியத்துக்குள் கலந்து விதைத்தபோது நிழலில் சோர்ந்தன. இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் அங்கே முன்வைத்த தீர்வுகளில் ஒன்று, 2 வரிசை தானியத்துக்கு 4 வரிசை பயறு என்று பட்டை பட்டையாக விதைப்பது. நிழல் குறைந்தது, மருந்தடிக்க வழி கிடைத்தது. அந்த அமைப்பை உங்கள் உழவர்கள் ஏற்பார்கள் என்றால் புது ரகத்துக்கான அவசரம் பாதியாகக் குறையும். ஏற்கமாட்டார்கள், சோளமே பிரதானம் என்றால் மேலே படியுங்கள்.

எந்தக் குணங்கள் வேண்டும்

சோளம் விதைத்த 55 முதல் 65-ஆம் நாளுக்குள் பொதிப்பருவத்தை (கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் பருவம்) எட்டி, இலைப்பரப்பின் உச்சத்தில் இருக்கும். 40–45 நாளில் பூக்கும் பயறு அந்த உச்ச நிழல் வருவதற்குள் பூத்துக் காய் பிடித்திருக்கும்; 55 நாளில் பூப்பது நேராக அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே முந்திப் பூப்பது முதல் குணம். இதற்கு மாற்றுவழி ஒன்று உண்டு: சோளத்தை அறுத்த பிறகும் பச்சையாக நின்று, மீந்த ஈரத்தில் இரண்டாம் முறை பூக்கும் நீண்ட காலக் கொடி வகை. மேற்கு ஆப்பிரிக்க நாட்டு ரகங்கள் பல அப்படித்தான் பிழைக்கின்றன. ஆழமான கரிசலில் அதுவும் முடியும். செம்மண்ணில் ஈரம் நிற்காது, அங்கே முயல வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் ஆகாத ரகம்.

அடுத்தது நிழலுக்குக் காட்டும் எதிர்வினை. பக்கத்தில் பச்சை இலை இருப்பதைச் செடி வெளிச்சத்தின் நிறமாற்றத்தால் அறிகிறது. சோள இலை சிவப்பொளியை உறிஞ்சி, தொலைச்சிவப்பை (சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி) திருப்பி அனுப்பும். உடனே சில வம்சங்கள் கணுவிடையை (இரண்டு கணுக்களுக்கு நடுவில் உள்ள தண்டு) நீட்டி, தண்டை மெலிய விட்டு, பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடும். காய்க்குப் போக வேண்டிய சத்து தண்டுக்குப் போகும். 35-ஆம் நாளில் தனிப்பாத்தியிலும் சோளப்பாத்தியிலும் ஐந்தைந்து செடிகளில் நான்காவது கணுவிடையை அளந்து விகிதம் போடுங்கள். ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. இரண்டை நெருங்கினால் அந்த வம்சத்தை விட்டுவிடலாம்.

நிழல்வலைக்கு அடியில் வைத்துச் சோதித்துவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். கறுப்பு வலை வெளிச்சத்தைக் குறைக்கிறதே தவிர அதன் நிறக்கலவையை மாற்றுவதில்லை. கணு நீளும் குணம் அங்கே சரியாக வெளிப்படாது. வலைக்கு அடியில் அடக்கமாக இருந்த செடி சோளத்துக்குள் கொடியாக ஓடும். வலையை நம்பி வம்சங்களைக் கழிக்காதீர்கள்.

கொடித்தன்மையில் நடுவழி வேண்டும். குத்துச்செடியாக நிமிர்ந்து நிற்பது சோளத்துக்கு இதம், ஆனால் 60 செ.மீ. இடைவெளியை மூடாது, களை வரும், ஈரம் போகும். நன்றாகப் படரும் வகை தரையை மூடும், ஆனால் சோளத்தில் ஏறும். தரையோடு அரைகுறையாகப் படர்ந்து, சுற்றிப்பிடிக்காத நுனியுள்ள வகைதான் தேவை. பூக்காம்பு நீளமாக, இலைக்கு மேலே காயைத் தூக்கிப் பிடிப்பதாக இருக்க வேண்டும். காய்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நின்றால் புள்ளிக்காய்ப்புழுவின் சேதம் குறையும். காயும் காயும், காயும் இலையும் ஒட்டும் இடத்தில்தான் அந்தப் புழு புகும். சோளத்துக்குள் தெளிப்பான் எடுத்துப் போவது சிரமம் என்பதால் இந்தக் குணத்துக்குத் தனிப்பயிரில் இல்லாத மதிப்பு இங்கே உண்டு.

வேர்முடிச்சை 40-ஆம் நாளில் பாருங்கள். செடியைச் சுற்றி 15 செ.மீ. விட்டத்தில், 20 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அரைமணி ஊறவைத்துக் கழுவவும். பிடுங்கினால் பெரிய முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை செய்கிறது, பச்சை அல்லது சாம்பல் என்றால் முடிந்துபோனது, வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை. எண்ணிக்கையைவிட, பிளந்ததில் எத்தனை சிவப்பு என்பதே கணக்கு. சோதனையில் உள்ள எல்லா வம்சங்களுக்கும் ஒரே பாக்கெட் ரைசோபியத்தை (வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) அரிசிக்கஞ்சியில் கலந்து ஒரே நாளில் விதை நேர்த்தி செய்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது ரகத்தை அல்ல, நேர்த்தியை.

பெற்றோர் தேடுவது

30 முதல் 40 வம்சங்கள் போதும். வெளியான ரகங்களில் கோ (சிபி) 7, வம்பன் 1, வம்பன் 3, பையூர் 1 போன்றவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பல தலைமுறையாகச் சோளத்துக்குள்ளோ கம்புக்குள்ளோ விதைத்து எடுத்த ஊர் விதை. இதுதான் விலைமதிப்பற்றது: நிழலைத் தாங்கும் மரபு வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. விதை வாங்கும்போது எந்தப் பயிருக்குள், எத்தனை வரிசைக்கு ஒன்று, எப்போது பறிப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோவையில் ராமையா மரபணு வங்கியும், தேசிய தாவர மரபணு வளங்கள் பணியகத்தின் திருச்சூர் நிலையமும் முறைப்படி கேட்டால் சேகரிப்பு விதை கொடுக்கும் இடங்கள். இபாதான் நிறுவனத்தின் வங்கியில் 15,000-க்கும் மேற்பட்ட தட்டைப்பயறுச் சேகரிப்புகள் உள்ளன; வண்டுக்குத் தாங்கும் டிவியு 2027 அங்கிருந்து வந்த புகழ்பெற்ற ஒன்று. வெளிநாட்டு விதை பணியகத்தின் தாவரத் தடைக்காப்புச் சோதனை வழியாகத்தான் வர வேண்டும், தபாலில் நேராக அல்ல.

இந்த 30–40-ஐயும் முதல் பருவத்தில் இரண்டு விதமாக விதையுங்கள்: தனியாக ஒரு தொகுதி, சோளத்துக்குள் ஒரு தொகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு ரெப்ளிகேஷன் (எல்லா வம்சங்களையும் மறுபடி ஒருமுறை வேறு பாத்திகளில் விதைப்பது). பெற்றோரைத் தேர்வது இதன் ஒரு பயன். இன்னொரு பயன், தனிப்பயிரில் வரும் தரவரிசைக்கும் ஊடுபயிரில் வரும் தரவரிசைக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று இங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.

அந்தக் கணக்கு எளிது. தனிப்பயிரில் தேர்ந்தெடுத்தால் ஊடுபயிரில் கிடைக்கும் முன்னேற்றம், நேரடியாக ஊடுபயிரில் தேர்ந்தெடுப்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு? இரண்டு நிலைமைகளுக்கும் இடையே உள்ள மரபுத் தொடர்பெண்ணை (இரண்டிலும் மரபு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்), தனிப்பயிரில் உள்ள மரபுத்திறனின் (விளைச்சல் வித்தியாசத்தில் மரபால் வரும் பங்கு) வர்க்கமூலத்தால் பெருக்கி, ஊடுபயிரில் உள்ள மரபுத்திறனின் வர்க்கமூலத்தால் வகுக்கவும். தொடர்பு 0.6, வர்க்கமூலங்கள் 0.8, 0.6 என்று வைத்தால் 0.6 × 0.8 ÷ 0.6 = 0.8. அதாவது தனிப்பயிர்த் தேர்விலேயே எண்பது விழுக்காடு பலன். தனிப்பாத்திக்குச் சோள விதையும் கூலியும் மிச்சம் என்பதால் தொடக்கத் தலைமுறைகளில் அதையே செய்யலாம். தொடர்பு 0.3 ஆக இருந்தால் இதே கணக்கு 0.4-க்கு இறங்கும், அப்போது தனிப்பாத்தியில் விளைச்சலைப் பார்த்துத் தேர்வது வீண் உழைப்பு. இரண்டு ரெப்ளிகேஷனில் வரும் தொடர்பெண் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும், முடிவெடுக்க அது போதும். ஆனால் இந்தச் சூத்திரம் பயறின் விளைச்சலுக்கு மட்டுமே. சோளத்துக்கு வரும் பாதிப்பைத் தனிப்பாத்தி எந்தத் தொடர்பெண்ணாலும் காட்டாது.

ஒட்டுச் சேர்க்கை

நான்கிலிருந்து ஆறு சோடிகள் போதும். நிழல் தாங்கும் ஊர் வம்சம் ஒன்று, நோய் தாங்கும், முந்திப் பூக்கும் ரகம் ஒன்று என்று சோடி சேருங்கள். பெற்றோரைத் தொட்டியில் வளர்த்தால் உட்கார்ந்து வேலை செய்யலாம். பூக்கும் நாள் ஒத்துவர, பிந்திப் பூப்பதை முன்னால் விதைத்து, முந்திப் பூப்பதைப் பத்து பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைக்கவும். கோடையில் இந்த வேலையை எடுக்காதீர்கள்: இரவு வெப்பம் ஏறினால் மகரந்தம் மலடாகி, கை வைத்த மொட்டெல்லாம் உதிரும். ஐப்பசி, கார்த்திகை நல்ல காலம்.

தட்டைப்பயறு தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ விடியலில் விரிந்து, நண்பகலுக்குள் மூடிவிடும், மறுபடி திறக்காது. மகரந்தப்பை பூ விரிவதற்கு முன்பே வெடித்துவிடும். அதனால் தாய்ச்செடியில் முந்தின நாள் மாலையே மொட்டைப் பிடிக்க வேண்டும். மறுநாள் விரியப்போகும் மொட்டு புல்லிவட்டத்தைத் தாண்டி நீண்டு, இளமஞ்சளாகப் பருத்திருக்கும். மாலை 4 மணிக்கு மேல், இடது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மொட்டைப் பிடித்து, கொடியிதழை (வெளியே சுற்றியிருக்கும் அகலமான இதழ்) ஊசி நுனியால் பிளந்து பின்னால் மடக்குங்கள், சிறகிதழ்களை விலக்குங்கள். உள்ளே படகிதழ் தெரியும். அதன் மேல்விளிம்பை மெல்லக் கீறினால் பத்து மகரந்தத் தாள்கள், ஒன்பது ஒரு கூட்டாகவும் ஒன்று தனியாகவும் இருக்கும். மெல்லிய இடுக்கியால் பத்தையும் எண்ணி எடுங்கள். மகரந்தப்பை வெளிர்மஞ்சளாக, முழுசாக இருக்க வேண்டும். தூள் உதிர்ந்தால் அது தன் சேர்க்கை ஆகிவிட்ட மொட்டு, கிள்ளி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சூலகத் தண்டு வளைந்து நிற்கும், அதில் இடுக்கி பட்டால் அந்த மொட்டும் போனதுதான். முடிந்ததும் கொடியிதழைப் பழையபடி மூடிவிட்டால் சூல்முடி காயாமல் இருக்கும்.

மறுநாள் காலை 6 முதல் 8 மணிக்குள் ஆண்செடியின் புதுப் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, படகிதழைக் கீழே தள்ளினால் மகரந்தம் அப்பிய சூலகத் தண்டு வெளியே நீளும். அதையே தூரிகையாக வைத்துத் தாய்ப்பூவின் சூல்முடியில் தடவுங்கள். சீட்டில் தாய், தந்தை, தேதி எழுதிக் காம்பில் கட்டவும். அதே பூக்காம்பில் உள்ள மற்ற மொட்டுகள் அனைத்தையும் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அவை சத்தை இழுத்துக்கொண்டு ஒட்டுச் சேர்த்த பூவை உதிர்த்துவிடும். பல காம்புகளில் இரண்டு காய்தான் நிலைக்கும் என்பது இந்தப் பயிரின் இயல்பு. சோடிக்கு 25–30 மொட்டுகளாவது செய்யுங்கள், கணிசமானது உதிரத்தான் செய்யும். மூன்று காய் நின்றாலே 20-க்கு மேல் விதை வரும், அதுவே தாராளம்.

தண்டிலோ பூவிலோ ஊதா நிறமுள்ள வம்சத்தை ஆணாகவும், நிறமில்லாததைப் பெண்ணாகவும் வைத்தால் முதல் தலைமுறையில் நிறம் வந்த செடி மட்டுமே உண்மையான ஒட்டு. நிறம் வராதது தாயின் தன் சேர்க்கை, பிடுங்கிவிடலாம். விதையைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது: விதையுறை தாயின் திசு, ஆகவே ஒட்டு விதை அச்சு அசலாகத் தாய் விதை போலவே இருக்கும். இதைத் தெரியாமல் நல்ல ஒட்டு விதையைக் கொட்டியவர்கள் உண்டு. முதல் தலைமுறைச் செடி கொடியாக ஓடினாலும் கலங்க வேண்டியதில்லை, அந்தக் குணம் பெரும்பாலும் ஓங்கியே நிற்கும். அடுத்த தலைமுறையில் பிரிந்து வரும்.

தலைமுறைகளை நகர்த்துவது

தை மாதம் விதைத்தால் மாசியில் பூத்து, கொடுங்கோடைக்கு முன் விதை கையில் வரும். இப்படி ஆண்டுக்கு இரண்டு தலைமுறை நகரும். புரட்டாசியில் விதைத்து ஐப்பசியில் ஒட்டுச் சேர்த்தால், தையில் முதல் தலைமுறை, அடுத்த புரட்டாசியில் இரண்டாவது, தையில் மூன்றாவது, அதற்கடுத்த புரட்டாசியில் நான்காவது.

இரண்டாம் தலைமுறையைச் சோடிக்கு 200 முதல் 300 செடி என்று, தனிப்பயிராகவே விதையுங்கள். சோளத்துக்குள் ஒற்றைச் செடியின் விளைச்சலை நம்ப முடியாது. பக்கத்தில் ஒரு சோளச்செடி செத்திருந்தால் அந்தப் பயறு ராஜாவாகிவிடும். இங்கே பார்க்க வேண்டியவை ஒரே செடியில் தெளிவாகத் தெரியும் குணங்கள்: மஞ்சள் தேமல் வந்ததா, 45 நாளுக்குள் பூத்ததா, நுனி சுற்றுகிறதா, காம்பு இலைக்கு மேலே நீள்கிறதா, சந்தையில் விலைபோகும் விதை நிறமா. கழிக்க வேண்டியவற்றைக் கழித்து, மீந்த ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு காய் எடுத்து மூன்றாம் தலைமுறைக்கு நகருங்கள்.

சிலர் மொத்த விதையையும் கலந்து, ஆண்டுக்காண்டு சோளத்துக்குள் விதைத்து, இயற்கையே தேர்வு செய்யட்டும் என்று விடுவார்கள். கேட்க அழகான யோசனை, ஆனால் இந்தப் பயிரில் ஆபத்தானது. கலப்பில் அதிக விதை விட்டுப்போவது அதிகம் ஆக்கிரமிக்கும் செடி. மூன்று பருவத்தில் சோளத்தில் ஏறும் கொடிகளே கூட்டத்தை நிரப்பும்; அவற்றின் விளைச்சல் சோளத்திடமிருந்து பிடுங்கியதாக இருக்கும்.

நான்காம் தலைமுறையில்தான் சோளத்துக்குள் நுழைகிறோம். ஒரு செடியின் விதை ஒரு 4 மீட்டர் வரிசை, பத்து வரிசைக்கு ஒன்று ஒப்பீட்டு ரகம். இந்தக் கட்டத்தில் எடை போட வேண்டாம். 35-ஆம் நாளும் 60-ஆம் நாளும் வரிசை வரிசையாக நடந்து, சோளத்தில் ஏறுவதையும் பூக்காமல் தழைப்பதையும் கழியுங்கள். கிட்டத்தட்ட முக்கால்வாசி போய்விடும், போகட்டும். நின்றவற்றின் விதையைத் தையில் பெருக்கி வையுங்கள்.

பாத்திச் சோதனை

ஒரு பாத்தி 3.6 மீ அகலம், 4 மீ நீளம். 90 செ.மீ. அலகு நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு சோள வரிசை, ஒரு பயறு வரிசை. அறுவடைக்கு நடுவில் உள்ள இரண்டு அலகுகள் மட்டும், இரு முனையிலும் அரை மீட்டர் விட்டு: 1.8 × 3 = 5.4 சதுர மீட்டர். ஓரத்தை விடாவிட்டால் பக்கத்துப் பாத்தியின் கொடி உங்கள் எடையில் ஏறும். 100 விதை 12 கிராம் எடையுள்ள வம்சத்துக்கு, குழிக்கு இரண்டு விதை வீதம் பாத்திக்கு ஏறத்தாழ 26 கிராம் தேவை. மூன்று ரெப்ளிகேஷனும், தனிப்பயிராக இரண்டு பாத்தியும் சேர்த்தால் ஓர் இடத்துக்கு 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழிக்கு ஒன்றாகக் கலைத்துவிட மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு ரெப்ளிகேஷனிலும் தனிச் சோளப் பாத்தி ஒன்று கட்டாயம். இடம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது இதுதான், அது இல்லையென்றால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நிற்காது.

சோதனையைப் பாழாக்குவது பெரும்பாலும் பயறு அல்ல, சோளம். குருத்து ஈ விழுந்து சோளத்தில் இடைவெளி விழுந்தால் அந்தப் பாத்தியில் வெளிச்சம் கூடி, சுமாரான வம்சமும் பிரமாதமாகக் காய்க்கும். விதைப்பு பிந்தப் பிந்த இந்த ஈ அதிகம். நெருக்கமாக விதைத்து 15-ஆம் நாளில் கலைத்துவிடுங்கள், 25-ஆம் நாளில் எல்லாப் பாத்தியிலும் சோளச்செடிகளை எண்ணி எழுதுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த பாத்தியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். கதிர் பால் பிடிக்கும்போது கிளியும் குருவியும் செய்யும் சேதமும் இப்படித்தான். காவல் இல்லாத சோதனையில் சோள எடை வெறும் எண்.

60-ஆம் நாள் நண்பகலில் சோளத்துக்கு மேலேயும், பயறு இலைக்கு மேலேயும் வெளிச்சத்தை அளந்து விகிதம் எழுதுங்கள். தனிக் கருவி இல்லையென்றால் கைபேசியின் லக்ஸ் செயலி கூடப் போதும், ஒரே கைபேசியாக இருக்கட்டும், விகிதத்தை மட்டும் பயன்படுத்துங்கள். பாத்திக்குப் பாத்தி இந்த விகிதம் தாறுமாறாக இருந்தால் சோளம் ஒருசீராக இல்லை என்று பொருள்.

பயறை இரண்டு மூன்று பறிப்பாக எடுத்து, பறிப்புவாரியாக எடை எழுதவும். முதல் பறிப்பு சோள நிழலுக்குள் கிடைத்தது, கடைசிப் பறிப்பு சோளம் முற்றி இலை காய்ந்தபின் கிடைத்தது. இரண்டும் வெவ்வேறு குணங்களைச் சொல்லும். பயறுக் கொடியையும் சோளத் தட்டையையும் காயவைத்து எடை போடுங்கள். மாடு வைத்திருக்கும் வீட்டில் அதுவும் விளைச்சல்தான்.

எண்களை எப்படிப் படிப்பது

நிலச் சமன் விகிதம் என்பது: ஊடுபயிரில் சோள விளைச்சலைத் தனிச்சோள விளைச்சலால் வகுத்தது, அதோடு ஊடுபயிரில் பயறு விளைச்சலைத் தனிப்பயறு விளைச்சலால் வகுத்தது, இரண்டின் கூட்டுத்தொகை. ஒன்றைத் தாண்டினால் நிலம் மிச்சம்.

கணக்குக்காகத் தனிச்சோளம் ஹெக்டேருக்கு 2,000 கிலோ, சிறந்த ரகத்தின் தனிப்பயறு 800 கிலோ என்று வைப்போம். 'அ' வம்சத்தோடு சோளம் 1,800, பயறு 280: விகிதம் 0.90 + 0.35 = 1.25. 'ஆ' வம்சத்தோடு சோளம் 1,400, பயறு 480: 0.70 + 0.60 = 1.30. விகிதத்தில் 'ஆ' முந்துகிறது. பயறு விலை சோளத்தைப் போல இரண்டரை மடங்கு என்றால் சோளச் சமான விளைச்சலிலும் (பயறின் மதிப்பைச் சோள எடையாக மாற்றிச் சோளத்தோடு கூட்டியது) 2,500-க்கு எதிராக 2,600 என்று 'ஆ'-தான் மேலே. ஆனாலும் சோளத்தில் 600 கிலோவையும் அதற்கேற்ற தட்டையையும் இழக்கச் சம்மதிக்கும் மானாவாரி உழவர் குறைவு. அதனால் முதலில் ஒரு தடை வையுங்கள்: தனிச்சோளத்தில் 85 விழுக்காட்டுக்குக் கீழே சோளத்தை இறக்கும் வம்சம் எவ்வளவு காய்த்தாலும் வெளியே. மீந்தவற்றுள் பயறு விளைச்சலை வைத்து வரிசைப்படுத்துங்கள். 85 என்பது வேதவாக்கு அல்ல, உங்கள் ஊர் உழவரிடம் கேட்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள், முடிவைப் பார்த்துவிட்டு அல்ல.

இந்த விகிதத்தில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு வம்சத்தையும் அதனதன் தனிப்பயிர் விளைச்சலால் வகுத்தால், தனியாக மோசமாக விளையும் வம்சத்துக்குப் பரிசு கிடைக்கும். 'இ' வம்சம் தனியாக 500, சோளத்துக்குள் 250, கூடவே சோளம் 1,700 என்றால் 0.85 + 0.50 = 1.35; மூன்றிலும் முதலிடம்! ஆனால் 250 கிலோ என்பது 'அ' தந்த 280-ஐவிடக் குறைவு, சோளமும் குறைவு. எல்லா வம்சங்களுக்கும் பொதுவாகச் சிறந்த ரகத்தின் 800-ஆலேயே வகுத்தால் 0.85 + 0.31 = 1.16 என்ற உண்மை நிலை தெரியும். ரகங்களை ஒப்பிடும்போது வகுக்கும் எண் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு சோளத் துணைகளோடு பார்த்திருந்தால், இரண்டிலும் சராசரியாக நன்றாக இருப்பதே முதல் தேர்வு. ஒன்றோடு மட்டும் அபாரமாகப் பொருந்துவதை அந்தச் சோளத்தோடு சேர்த்துச் சோடியாகப் பரிந்துரைக்கலாம், ஆனால் அந்தச் சோள ரகம் சந்தையிலிருந்து போனால் உங்கள் பயறும் கூடவே போகும்.

உழவர் வயலும் விதையும்

இரண்டு பருவம் மூன்று இடங்களில் நின்ற மூன்று நான்கு வம்சங்களை உழவரிடம் கொடுங்கள். ஒருவருக்கு இரண்டு வம்சம், பக்கத்தில் அவருடைய சொந்த விதை, ஒவ்வொன்றும் 5 சென்ட். இரட்டை வரிசையில் 5 சென்ட்டுக்கு 400 கிராம் விதை போதும். அவர் எப்படி விதைப்பாரோ அப்படியே விதைக்கட்டும். பறிக்கும் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். சோளத்துக்குள் குனிந்து காய் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது தராசில் வராது, நீளக்காம்பு வம்சத்தை அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். தேசிய, மாநில அளவிலான ரக ஒப்பீடுகள் பெரும்பாலும் தனிப்பயிராகவே நடப்பதால் உங்கள் வம்சம் அங்கே நடுவரிசையில் நிற்கக்கூடும். அதற்காகவே ஊடுபயிர்த் தரவுகளைத் தனி அட்டவணையாகச் சேர்த்து அனுப்புங்கள். குழுவாக உருவாக்கிய ரகத்தை 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதியலாம். அதற்கு ஒருசீர்மை வேண்டும் என்பதால் பூ நிறம், விதை நிறம் இரண்டிலும் கலப்பில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

விதைப் பெருக்கத்துக்கு ஆதார விதையென்றால் மற்றத் தட்டைப்பயறிலிருந்து 10 மீட்டர், சான்று விதையென்றால் 5 மீட்டர் தள்ளி விதைக்கவும். இங்கே சோளம் வேண்டாம், தனிப்பயிராகவே போட்டு வேற்றுச்செடிகளைப் பூக்கும்போதே களையுங்கள். ஈரப்பதத்தை 9 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி, பயறு வண்டு மூச்சுவிட முடியாதபடி காற்றுப்புகாத மூவடுக்குப் பையில் கட்டுங்கள். வண்டின் முட்டை வயலிலேயே காயின் மேல் வந்து சேர்கிறது. வீட்டுக்கு வந்தபின் நன்றாக மூடினோமே என்று நினைத்துச் சணல் சாக்கில் வைத்தால், அடுத்த புரட்டாசிக்குள் விதையில் ஓட்டைதான் மிச்சமிருக்கும்.